வாடகை வீட்டில் ஈரமும் பூஞ்சையும்

ரப்பர்த் தகட்டில் பூஞ்சை பிடிப்பதை அறியாதவர் நம் தோட்டப்புற மக்களுள் மிகச் சிலரே. இன்று பெரும்பாலான தோட்டங்களிலிருந்து பாலாகவோ கட்டிப்பாலாகவோ ஆலைக்குப் போய்விடுகிறது எனினும், பால்கொட்டகையில் தகடு உருட்டிப் புகைக்கூடத்தில் ஏற்றிய நாள்களை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நான்கைந்து நாள் புகையிலும் வெப்பத்திலும் இருந்தும் நன்கு காயாத தகடு, அடுக்கி வைத்த சில நாள்களிலேயே பூஞ்சை படர்ந்து தரம் குறையும்; தரம் குறைந்தால் விலையும் குறையும். உருட்டும்போது சரியாகக் கழுவப்படாத தகட்டில் அது இன்னும் விரைந்து படரும். அவ்வாறு நேர்ந்தபோது, பூஞ்சையைத் துடைத்துவிட்டால் போதும் என்று பொறுப்பில் இருந்தவர் இருந்துவிடவில்லை. தகடு ஏன் காயவில்லை என்றே கேட்டார். விறகு ஈரமா, தகடு தடிப்பா, கூடத்துக் காற்றுவழி அடைபட்டதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

இதே கேள்வியை நம் வீட்டுச் சுவரைப் பார்த்து நாம் கேட்பதில்லை. சுவர் கறுத்தால் துடைக்கிறோம். துடைத்தும் போகாவிட்டால் சாயம் அடிக்கிறோம். அடுத்த மழைக்காலத்தில் மீண்டும் கறுக்கிறது. இக்கட்டுரையில் நாம் பேச விரும்புவது துடைப்பதைப் பற்றிச் சிறிது, ஈரம் வரும் வழியைக் கண்டுபிடிப்பதைப் பற்றிப் பெரிது.

பேராக் மாநிலத்துச் சிறுநகர் ஒன்றின் ஓரத்தில் வாழும் குடும்பம் ஒன்றை நாம் அறிவோம். கணவர் அண்மையிலுள்ள தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறார். மனைவி தொழிற்சாலைக்குச் செல்கிறார். லயத்தை விட்டு வந்து, வரிசை வீடொன்றில் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். பின்னறைச் சுவர் தரையிலிருந்து இடுப்பளவு வரை கறுத்தும் பச்சை படிந்தும் இருந்தது. அந்த அறையில்தான் பிள்ளைகள் மூவரும் படுக்கிறார்கள். கடைக்குட்டிக்கு இரவில் இழுப்பு. “தீபாவளிக்குத் தீபாவளி சாயம் அடிக்கிறோம் ஐயா, பொங்கலுக்குள்ளே மறுபடியும் பழைய கோலந்தான்” என்றார் அந்தத் தாயார். வீட்டுக்காரரோ, ஜன்னலைத் திறந்து வைக்காத குற்றம் குடியிருப்பவர்களுடையது என்று சொல்லிவிட்டாராம். இந்த வீட்டுக்குப் பின்னர் வருவோம்.

பூஞ்சை எதனால் வளர்கிறது?

பூஞ்சை என்பது காளான் இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிர். அதன் வித்துகள் கண்ணுக்குத் தெரியாத தூளாகக் காற்றில் எங்கும் மிதக்கின்றன. அவை இல்லாத வீடு உலகில் இல்லை. ஆதலின் வித்து வராமல் தடுப்போம் என்று முயல்வது வீண். அது முளைப்பதற்கு வெப்பம், உணவு, ஈரம் ஆகிய மூன்றும் வேண்டும். வெப்பத்தை நம் நாட்டில் நாம் குறைக்க முடியாது. உணவும் எங்கும் இருக்கிறது: மரம், அட்டை, தோல், துணி, சாயம், சுவரில் படிந்த தூசி, சமையல் எண்ணெய்ப் பிசுக்கு, குளியலறைச் சவர்க்காரப் படிவு எல்லாம் அதற்கு உணவே. நம் கைக்கு அடங்கியது ஈரம் ஒன்றுதான். நனைந்த பொருள் ஓரிரு நாளுக்குள், அதாவது 24 முதல் 48 மணி நேரத்துக்குள், காய்ந்துவிடுமானால் பூஞ்சைக்கு வேரூன்ற நேரம் கிடைப்பதில்லை.

பால் வெட்டுவோருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மழைக்காலத்தில் வெட்டுப்பட்டை ஈரமாகவே இருந்தால் அங்கே சாம்பல் நிறப் பூஞ்சை படர்ந்து பட்டை அழுகுவதைக் கண்டவர்கள் நாம். வெயில் காலத்தில் அதே மரத்தில் அந்நோய் அடங்கிவிடுகிறது.

தீபகற்ப மலேசியாவில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 2,400 மில்லிமீட்டருக்குக் குறையாத மழை பெய்கிறது. கிழக்குக் கரையில் நவம்பர் முதல் வடகிழக்குப் பருவமழை கொட்டும். மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை மிகுதி. தைப்பிங் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கோ எல்லா மாதமும் மழை மாதமே! இத்தகைய நாட்டில் ஈரமே இல்லாத வீடு கிடைப்பதரிது. ஈரம் தங்காத வீடு வேண்டும் என்பதே நம் நோக்கம்.

உடல்நலத்தைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டில் ஈரத்தையும் பூஞ்சையையும் பற்றித் தனி வழிகாட்டி நூல் ஒன்றை வெளியிட்டது. ஈரமான வீடுகளில் வாழ்வோருக்கு மூச்சுக்குழல் கோளாறுகளும் ஆஸ்துமாவும் மிகுதி என்பதை அது எடுத்துக்காட்டியது. குழந்தைகளும், ஏற்கெனவே இழுப்பு உள்ளவர்களும், முதியோரும் கூடுதலாகத் துன்புறுவர். ஆயினும் வீட்டிலுள்ளோரின் எல்லா இருமலையும் சுவரின்மீது சுமத்திவிடல் ஆகாது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்கு அரசாங்க மருந்தகத்தில் சளிச் சோதனை செய்துகொள்ள வேண்டும். காசநோயைப் ‘பூஞ்சை இருமல்’ என்று எண்ணிக் காலம் கடத்துவது பெருந்தீங்கு.

ஈரம் வரும் வழிகள்

சுவரிலுள்ள கறையின் வடிவத்தைக் கூர்ந்து பார்த்தால், ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை அதுவே பாதி சொல்லிவிடும்.

கூரையிலோ சுவரின் மேற்பகுதியிலோ பழுப்பு நிற விளிம்போடு வட்டக்கறை இருந்து, மழைக்குப் பின் அது விரியுமாயின், கூரை ஒழுகுகிறது என்று கொள்ளலாம். ஆனால் ஓட்டை கறைக்கு நேர் மேலே இருக்க வேண்டும் என்பதில்லை. நீர் சட்டத்தின் வழியாக ஓடித் தாழ்ந்த இடத்தில்தான் சொட்டும். ஆகவே கறையைக் காட்டிலும் உயரமான இடத்தில் தேட வேண்டும். தகரக் கூரை வீடுகளில் மற்றொன்றும் நிகழ்வதுண்டு. மழையே பெய்யாத தெளிந்த இரவில் தகரம் மிகவும் குளிர்ந்து, விடியற்காலையில் அதன் உட்புறத்தில் நீர் முத்து முத்தாகக் கோத்துச் சொட்டும். இது ஒழுகல் அன்று. தகரத்தில் ஓட்டையைத் தேடித் தார் பூசுவோர் பலர் இதனால் ஏமாந்திருக்கிறார்கள். கூரைக்கும் உட்கூரைக்கும் இடையே காற்று ஓட வழி செய்தால் இது குறையும்.

குளியலறையை ஒட்டிய சுவரில், மழையோ வெயிலோ எக்காலமும் ஒரே அளவில் ஈரம் இருந்தால் குழாய்க் கசிவை ஐயுற வேண்டும். இதற்கு எளிய சோதனை உண்டு. இரவில் வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவரும் தண்ணீர் புழங்காமல் சில மணி நேரம் கழித்து மீண்டும் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ குழாய் கசிகிறது. மீட்டர் நகராமலே சுவர் ஈரமாக இருந்தால், கழிவுநீர்க் குழாயோ, குளியலறைத் தரையின் ஓட்டு இடுக்குகளோ காரணமாகலாம். அங்கே நாம் குளிக்கும் நீரே சுவருக்குள் இறங்குகிறது.

அடுக்குமாடி வீட்டில் உட்கூரை நனைந்தால், மேல்வீட்டின் குளியலறைக்கு நேர் கீழே அது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவ்வகைக் கசிவு மேல்வீட்டிலிருந்தே வருகிறது என்று, மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை, 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் கருதுகிறது. பாதிக்கப்பட்டவர் நிர்வாகக் குழுவுக்கு எழுத்து மூலம் அறிவித்தால், குழு ஏழு நாளுக்குள் வந்து பார்வையிட வேண்டும். மேல்வீட்டாரோடு மாடிப்படியில் சண்டையிடுவதைக் காட்டிலும் ஒரு கடிதம் மிகுதியான பயன் தரும். உங்கள் வீட்டுக்காரரையும் அக்கடிதத்தில் கையொப்பமிடச் செய்தல் நலம்.

இனி, தரையிலிருந்து மேலேறும் ஈரம். இதை நாம் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நம் மக்கள் குடியிருக்கும் பழைய வரிசை வீடுகளில் நாம் அடிக்கடி காண்பது இதுவே. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போலச் செங்கல் மண்ணிலுள்ள நீரை உறிஞ்சும். இதைத் தடுக்கச் சுவரின் அடியில், தரை மட்டத்தருகே, நீர் புகாத படலம் ஒன்றை வைத்துக் கட்டுவது வழக்கம். படலம் இல்லாத பழைய வீடுகளும் உண்டு. படலம் சிதைந்துவிட்ட வீடுகளும் உண்டு. அங்கெல்லாம் ஈரம் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம் வரை ஏறி, அலை வந்து நின்ற கோடு போல ஒரே மட்டத்தில் நிற்கும். அக்கோட்டின் அருகே வெண்மையாக உப்புப் பூத்திருக்கும். விரலால் தட்டினால் சாயம் பொருக்காக உதிரும்.

படலம் நன்றாக இருந்தும் ஈரம் ஏறுவது உண்டு. வெளிப்புறத்தில் சுவரையொட்டி மண்ணைக் குவித்தாலோ, சிமெண்டுத் தளத்தை வீட்டுத் தரையைவிட உயர்த்தினாலோ, நீர் அந்தப் படலத்தைத் தாண்டி மேலே நுழைந்துவிடுகிறது. நாம் முன்பு சொன்ன பேராக் வீட்டில் நடந்தது இதுவே. முன்பு குடியிருந்தவர் பின்னறைச் சுவரையொட்டி மண் நிரப்பிக் கறிவேப்பிலையும் வாழையும் வைத்திருந்தார். அம்மண் வீட்டுத் தரைக்கு மேல் ஒன்றரைச் சாண் உயரம் இருந்தது. போதாக்குறைக்கு, அதற்கு நேர் மேலே தாழ்வாரத் தகரப்பீலி உடைந்து, கூரையில் விழும் மழையெல்லாம் அந்த மண்ணிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து சுவரைப் பார்த்தவர்களுக்கு இது தெரியவில்லை. மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்திருந்தால் முதல் ஆண்டிலேயே தெரிந்திருக்கும். இந்தச் செலவில்லாத வேலையை எல்லாக் குடும்பத்தாரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் செய்ய வேண்டுகிறோம். நீர் எங்கே விழுகிறது, எங்கே தெறிக்கிறது, எந்தக் கால்வாய் அடைத்து நிற்கிறது என்பவற்றை மழையில்தான் காண முடியும்.

ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, அறையின் காற்றிலிருந்து படிகிறதா என்று ஐயம் எழுந்தால் பிளாஸ்டிக் தாளைக் கொண்டு தெளியலாம். ஒரு முழ அகலமுள்ள தாளைச் சுவரில் வைத்து, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் நாடா ஒட்டி, இரண்டு நாள் விட்டுவிடுங்கள். பிரிக்கும்போது சுவரை ஒட்டிய பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையை நோக்கிய பக்கம் நனைந்திருந்தால் அது காற்றிலுள்ள ஈரம். முதலாவது பெரும்பாலும் கட்டடத்தின் குறை. இரண்டாவதில் நம் பழக்கத்துக்கும் பங்குண்டு. வீட்டுக்காரருடன் வழக்கு வரும்போது இந்தத் தாள் ஒன்று பத்து வாய்ச்சொல்லுக்குச் சமம்.

பூட்டிய வீடும் உலர்ந்த காற்றும்

நம் பழக்கம் என்று சொன்னோம். பால் வெட்டுக் குடும்பங்களுக்கே உரிய ஒரு சிக்கல் இதில் இருக்கிறது. நம் நாட்டில் விடியற்காலைக் காற்றில் ஈரப்பதம் நூற்றுக்கு 95 வரை இருக்கும். வெயில் ஏற ஏற அது குறைந்து, மழையில்லாத நாளில் நண்பகலுக்குப் பின் 60 அளவுக்கு இறங்கும். மாலை மழையோடு மீண்டும் ஏறும். வீட்டைக் காய வைக்கத்தக்க காற்று முற்பகல் பத்து மணி முதல் பிற்பகல் வரைதான் கிடைக்கிறது. நாமோ இருளோடு எழுந்து பெரட்டுக்குப் போகிறோம். பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். வீடு பூட்டிக் கிடக்கிறது. உலர்ந்த காற்று வெளியே வீசும் நேரமெல்லாம் ஜன்னல் மூடியே இருக்கிறது. மாலையில் வந்து ஜன்னலைத் திறந்தால் உள்ளே வருவது மழைக்காற்று.

திருட்டுக்கு அஞ்சி ஜன்னலைப் பூட்டுவதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் ஜன்னலுக்கு மேலேயுள்ள காற்றுத் துளைகளையும் கொசுவுக்குப் பயந்து செய்தித்தாளாலும் அட்டையாலும் அடைத்து வைத்திருக்கிறோமே, அதை மாற்றலாம். அட்டையை எடுத்துவிட்டுக் கொசுவலைத் துண்டை அடித்துவிட்டால் கொசுவும் வராது, காற்றும் நிற்காது. அந்த அட்டையே பூஞ்சைக்கு உணவு என்பதும் நினைவிருக்கட்டும். வேலை முடிந்து ஒரு மணி, இரண்டு மணிக்குத் திரும்பியவுடன், குளிப்பதற்கு முன்பே எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, வானம் தெளிவாயிருக்கும் மட்டும் வீட்டைக் காற்றாட விடுங்கள். அலமாரியையும் கட்டிலையும் சுவரோடு ஒட்டாமல் நான்கு விரல் தள்ளி வையுங்கள். ஈரத்துணியைப் படுக்கையறையில் காயப் போடாதீர்கள். ஒரு வாளித் துணி காய்ந்தது என்றால் அதிலிருந்த நீரெல்லாம் அறையின் காற்றில் கலந்தது என்றே பொருள். மழைக்கோட்டையும் ரப்பர் காலணியையும் ஐந்தடியிலேயே விட்டுவிடலாம்.

குளிர்சாதனம் வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குளிர்ந்த அறையின் கதவைத் திறந்து வைத்தால் வெளியிலுள்ள ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் பட்டு நீராகப் படியும். திறந்தால் முழுவதும் திறப்பது, குளிர வைத்தால் முழுவதும் மூடுவது என்று இருத்தல் வேண்டும்.

சுத்தம் செய்யும் முறை

உலர்ந்த பூஞ்சையைத் துடைப்பத்தால் தட்டுவது தவறு. வித்துகள் அறை முழுவதும் பறந்து மூச்சில் ஏறும். முதலில் பிள்ளைகளையும் இழுப்பு உள்ளவர்களையும் வெளியே அனுப்பிவிட்டு, மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடி, கையுறை அணிந்து, ஜன்னலைத் திறந்து வையுங்கள். சவர்க்கார நீரால் சுவரை நனைத்துத் தேய்த்துத் துடைத்து, காற்றாடியைப் போட்டுக் காய விடுங்கள். பெரும்பாலான இடங்களுக்கு இதுவே போதும். ஓடு, கண்ணாடி, சிமெண்டு போன்ற கடினமான பரப்பில் கறை போகாவிட்டால், குளோரோக்ஸ் போன்ற வெளுப்புத் திரவம் ஒரு கிண்ணத்துக்குப் பதினாறு கிண்ணம் நீர் கலந்து பூசலாம். மரத்திலும் அட்டையிலும் அது மேலே நிறத்தை வெளுக்குமே அன்றி, உள்ளே இறங்கிய பூஞ்சையை அழிக்காது.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்கிறோம். வெளுப்புத் திரவத்தோடு வேறெந்தச் சுத்திகரிப்பு மருந்தையும் கலக்கக் கூடாது. காடியோ பிற அமிலமோ சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். அமோனியா கலந்த மருந்து சேர்ந்தாலும் அவ்வாறே. பால் உறைய வைக்கும் அமிலத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து குளியலறை கழுவுவதும் ஆகாது. அதுவும் அமிலந்தானே! மூடிய குளியலறையில் இரண்டும் கலந்தால் கழுவுபவர் அங்கேயே மூச்சடைத்து விழ நேரும்.

பழைய வீடுகளின் உட்கூரைப் பலகைகள் கல்நார் கலந்தவையாக இருக்கக்கூடும். அவற்றில் பூஞ்சை படர்ந்தால் சுரண்டவோ உடைக்கவோ உப்புத்தாளால் தேய்க்கவோ வேண்டா; கல்நார்த் தூசி பூஞ்சையைவிடக் கொடியது. அதை மாற்றுவது வீட்டுக்காரரின் பொறுப்பில் தக்க ஆள்கள் செய்யவேண்டிய வேலை.

பஞ்சு மெத்தை, தலையணை ஆகியவற்றுள் பூஞ்சை புகுந்துவிட்டால் வெயிலில் போட்டு மீட்பது அரிது. 2021 டிசம்பரில் சிலாங்கூரில் வெள்ளம் புகுந்த வீடுகளை நினைத்துப் பாருங்கள். நனைந்த மெத்தைகளை வீதியோரம் எறிய மனம் நோகத்தான் செய்யும். வைத்துக்கொண்டாலோ அறையெங்கும் வாடை பரவும்.

பொருள்களைப் பற்றிப் பேசும்போது பெட்டியிலுள்ள தாள்களையும் மறந்துவிடலாகாது. பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ்கள், சேமநிதித் தாள்கள் ஆகியவற்றைத் தகரப்பெட்டியில் வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவது நம் வழக்கம். ஈரத்தரையில் வைத்த பெட்டிக்குள் பூஞ்சை நுழைவதற்குத் தடையில்லை. ஒரு பிறப்புப் பத்திரம் இல்லாமல் பள்ளிக்கும் அடையாள அட்டைக்கும் அலைந்த குடும்பங்களின் துயரத்தை நம் சமூகம் நன்கறியும். அத்தாள்களை உயரமான தட்டில், உலர்ந்த உறைக்குள் வையுங்கள். நனைந்துவிட்டால் தேய்க்காமல் நிழலில் விரித்துக் காய வையுங்கள். காயாத தாளுக்குப் பிளாஸ்டிக் உறை ஒட்டிவிட்டால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு எழுத்தைத் தின்றுவிடும். படிக்க முடியாத அளவு பழுதான பிறப்புப் பத்திரத்துக்குத் தேசியப் பதிவு இலாகாவில் மறுபடி பெற விண்ணப்பிக்கலாம். அதைத் தள்ளிப் போடாதீர்கள்.

வீட்டுக்காரரும் நாமும்

புதிதாக வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள், கூடுமானால் பெருமழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். புதுச்சாயம் மின்னும் சுவர் நம் கண்ணை மயக்கும். ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுச்சாயம் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். சுவரின் அடிப்பகுதியை விரலால் அழுத்திப் பாருங்கள். குசினித் தொட்டிக்குக் கீழேயுள்ள அலமாரியைத் திறந்து மோந்து பாருங்கள். பக்கத்து வீட்டாரிடம் இரண்டு சொல் விசாரியுங்கள்.

சாவி வாங்கும் நாளிலேயே ஒவ்வோர் அறையையும் கைபேசியில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பி வைப்பது நல்ல பழக்கம். பொதுவாக இரண்டு மாத வாடகையை வைப்புத்தொகையாகக் கொடுக்கிறோம். வீட்டைக் காலி செய்யும்போது, பழைய பூஞ்சைக்கறை நம்மால் வந்தது என்று கூறி அதிலிருந்து பிடித்துக்கொள்வதுண்டு. ஒரு தோட்டத்துக் குடும்பத்துக்கு அது சிறிய தொகை அன்று. வாடகை ஒப்பந்தத்தில் கூரை, குழாய், சுவர் ஆகியவற்றின் பழுதை யார் பார்ப்பது என்று எழுதியிருக்க வேண்டும். ஒப்பந்தத்துக்கு முத்திரை வரியும் கட்டியிருக்க வேண்டும். முத்திரையிடாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது.

பழுது கண்டால் வாய்ச்சொல்லாக மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள். என்று கண்டோம், எந்த அறை, எவ்வளவு உயரம், மழைக்குப் பின் கூடுகிறதா என்பவற்றைச் சுருக்கமாக எழுதி, படங்களோடு அனுப்புங்கள். கைபேசிச் செய்தியானாலும் சரியே, அழிக்காமல் வைத்திருங்கள். கோபத்தில் வாடகையை நிறுத்திவிடுவோர் உளர். அதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். ஒப்பந்தத்தை மீறியவர் நாமே என்று வழக்குத் திரும்பிவிடும். அதேபோல, நீதிமன்ற ஆணையின்றிக் குடியிருப்பவரைப் பூட்டை மாற்றி வெளியேற்ற வீட்டுக்காரருக்கும் உரிமையில்லை. வைப்புத்தொகை திரும்பாவிட்டால், 5,000 வெள்ளிக்கு மேற்படாத தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை முறைப்படி வழக்கறிஞர் இன்றியே வழக்குத் தொடரலாம்.

தோட்டத்து வீட்டில் இருப்பவர்களின் நிலை வேறு. அங்கே 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்த 1990ஆம் ஆண்டு வீடமைப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம், அதாவது 446ஆம் சட்டம், பொருந்தும். 2019இல் திருத்தம் பெற்று 2020 ஜூன் முதல் தோட்டமல்லாத தொழில்களுக்கும் அது விரிந்தது. தான் கொடுத்த வீட்டை நல்ல நிலையில் பழுது பார்த்து வைப்பது முதலாளியின் கடமை என்பதே அதன் சாரம். நிர்வாகியிடம் எழுத்து மூலம் தெரிவித்தும் ஒழுகல் நிற்காவிட்டால் தொழிற்சங்கத்தையோ தொழிலாளர் இலாகாவையோ அணுகலாம். இதைக் கேட்பதற்குத் தயங்க வேண்டா. இது சலுகை அன்று.

பேராக் வீட்டுக்கு வருவோம். பிளாஸ்டிக் தாளின் சுவர்ப்பக்கம் நனைந்திருந்ததை அந்தத் தாயார் படமெடுத்தார். மண்மேட்டையும் உடைந்த பீலியையும் மழையிலேயே படமெடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினார். முதலில் மறுமொழி வரவில்லை. இரண்டாம் முறை அனுப்பியபின் அவர் நேரில் வந்தார். சிறிது முணுமுணுத்தாராயினும் பீலியை மாற்றிக் கொடுத்தார். மண்ணை அப்புறப்படுத்தும் வேலையைக் கணவரும் அண்டை வீட்டு இளைஞர் இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் முடித்தார்கள். வாழைக்கன்றுகள் வேலியோரத்துக்குப் போயின. பிள்ளைகளின் படுக்கை முன்னறைக்கு மாறியது.

அத்துடன் சுவர் உடனே காய்ந்துவிடவில்லை. ஆண்டுக்கணக்கில் நீர் குடித்த செங்கல் அவ்வளவு எளிதில் நீரை விடுவதில்லை. ஒரு மாதம் கழித்துத் தாள் ஒட்டிப் பார்த்தபோது மீண்டும் நனைந்திருந்தது. இரண்டாம் மாதமும் அப்படியே. சாயம் வாங்கி வைத்திருந்த கணவருக்குப் பொறுமை போயிற்று. உப்புப் பூத்து உதிர்ந்த பூச்சை மட்டும் நனைத்துச் சுரண்டி எடுத்துவிட்டு, செங்கல் வெளியே தெரிய அப்படியே விட்டு வையுங்கள், ஈரம் வெளியேற அதுவே வழி என்று நாம் சொன்னோம். நான்காம் மாதத்தில் ஒட்டிய தாள் இரு பக்கமும் உலர்ந்திருந்தது. அதன் பிறகும் இரண்டு பெருமழை கழியட்டும் என்று காத்திருந்து, புதிதாகப் பூசி, பூச்சு முழுவதும் காய்ந்தபின் சாயம் அடித்தார்கள். அந்த ஆண்டுத் தீபாவளிக்குப் பின்னறைச் சுவர் பாதி செங்கலாகவே இருந்தது. உறவினர் கேட்டதற்கு அந்தத் தாயார், “சுவர் காயட்டும், சாயம் எங்கே ஓடிவிடப் போகிறது” என்றாராம்.